கள்ள ஓட்டும் காணாமற்போன ஓட்டும்

வாக்காளர் ஜாபிதாவில் பாதி கள்ளப் பெயர் என்கிறார் ஒருவர். எல்லாம் வீண் வதந்தி என்கிறார் இன்னொருவர். தறி வீட்டிலும் ஆலை வாசலிலும் டீக்கடையிலும் நடக்கும் இந்த வாதத்தை உழைக்கும் மக்கள் நிதானமாக எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கையே எடுத்துக் கொள்வோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது ஜாபிதாவில் இருந்தவர்கள் 6 கோடியே 41 லட்சம் பேர். டிசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவில் இருந்தவர்கள் 5 கோடியே 43 லட்சம் பேர். நீங்கிய 97 லட்சத்தில், இறந்தவர்கள் என்று காட்டப்பட்டோர் ஏறத்தாழ 27 லட்சம். வீடு மாறியவர்கள், விசாரித்தபோது இல்லாதவர்கள் என்று காட்டப்பட்டோர் 66 லட்சத்துக்கு மேல். இரண்டு இடங்களில் பதிந்தவர்கள் 3 லட்சத்து 39 ஆயிரம்.

ஜாபிதாவில் குப்பை சேர்ந்திருந்தது உண்மை. அதை அகற்ற வேண்டியதும் நியாயமே. ஆனால் இரண்டு இடத்தில் பெயர் இருப்பது வேறு, இரண்டு இடத்தில் ஓட்டுப் போடுவது வேறு. குப்பையைக் காட்டி, அத்தனையும் கள்ள ஓட்டு என்று முழங்குவது பொய்க் கணக்கு.

அந்த 66 லட்சம் பேர் யார்? வீடு மாறுகிறவன் யார்? மாளிகைக்காரனா? வாடகை ஏறினால் தெரு மாறும் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. அறுப்புக்கு ஊர் ஊராகப் போகும் விவசாயக் கூலி. ஒரகடத்து ஆலைக்கு வந்து அறையில் தங்கும் வாலிபன்! இறந்தவர் பெயர் ஜாபிதாவில் நின்றால் கள்ள ஓட்டுக்கு இடமுண்டு. உயிரோடிருப்பவர் பெயர் போனாலோ ஓர் ஓட்டு நிச்சயமாகப் போய்விடுகிறது.

இது புதிய அநீதியல்ல. 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதியப்பட்டு, சொந்தப் பெயர் சொல்லாததால், வட மாநிலங்களில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் ஓட்டு இழந்தனர். அவர்கள் யாரையும் ஏமாற்றியவர்களல்ல.

நமது காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரின் குடவோலை முறையை எல்லாரும் புகழ்கிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனை ஒதுக்கியது. சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தது. மோசடியைத் தடுக்க அவ்வளவு கவனம்! ஆனால் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேண்டும் என்ற விதியால், உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை.

அப்படியானால் மோசடியே கிடையாதா? உண்டு. 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல் ஆர்.கே.நகர், 2019ல் வேலூர். இங்கெல்லாம் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. காரணம் கள்ள ஓட்டல்ல, பணம்! ஜாபிதாவை எத்தனை முறை சலித்தாலும் அந்தப் பணம் சல்லடையில் சிக்காது.

2025 ஆகஸ்டு 14 அன்று சுப்ரீம் கோர்ட், பீகாரில் விடுபட்ட 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி உத்தரவிட்டது. நாம் கேட்பதும் அதுவே: நீக்கினால் பெயரைச் சொல், காரணத்தைச் சொல், பதில் சொல்ல அவகாசம் கொடு!

தோழர்களே! பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைக்கிறோமல்லவா? அதே கண்ணோடு ஜாபிதாவைப் பாருங்கள். பெயர் இல்லையேல் 6ம் எண் படிவம். வீடு மாறினாலோ பிழை இருந்தாலோ 8ம் எண் படிவம். இறந்தவர் பெயர் இருந்தால் 7ம் எண் படிவம். உங்கள் ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். 49-பி விதிப்படி ஓட்டுச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள். எழுதத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் முன்வந்து, தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். எழுத்தறியாத கிழவியின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்!