மலை மாநிலத்துக்கு, தூசி நமக்கு

"முதலில் வருமானம் வரட்டும், நல்வாழ்வு தானாக வரும்." பேராக்கில் மந்திரி பெசார்கள் மாறினாலும் இந்த நம்பிக்கை மாறியதில்லை. அரசியல்வாதிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சிம்பாங் பூலாய்ச் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்திருப்பவரும் இதைத்தான் சொல்வார். மலையை உடைத்தால் வேலை, வேலை இருந்தால் சம்பளம், சம்பளம் இருந்தால் சுகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் வரலாறுதான் இதற்கு ஒத்துவரவில்லை.

உலகின் செழிப்பான ஈய வயல்களில் ஒன்று இது. அந்தப் பணத்தில் ஈப்போவில் மாளிகைகள் எழுந்தன. 1985இல் ஈயச் சந்தை சரிந்ததும் மிஞ்சியவை குட்டைகளும் மணல்மேடுகளும் வேலை தேடி வெளியூர் போன பிள்ளைகளும்தாம். ரப்பரிலும் அதே கதை. தோட்டம் கைமாறினால் ஏட்டில் அது வளர்ச்சி. லயத்தில் இருந்தவருக்கோ வேலை, வீடு, பிள்ளையின் பள்ளி, கோயில் எல்லாம் ஒன்றாகப் போயின. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் நாளில், வளர்ச்சி வழிந்து கீழே வரும் என்று சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் காத்திருக்கவில்லை. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார்.

இப்போது சுண்ணாம்புக்கல்லின் முறை. சிம்பாங் பூலாய், கிராமாட் பூலாய் மலைகள் பளிங்காகவும், பெயிண்டிலும் காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் சேரும் வெள்ளைப் பொடியாகவும் லாரி ஏறுகின்றன. 2022 மார்ச்சில் அங்கே ஒரு குவாரியில் பாறை சரிந்து இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். இத்தனைக்கும் கிந்தா பள்ளத்தாக்கு 2018 முதல் தேசியப் புவிப்பூங்கா. சுற்றுலாப் பயணிக்குக் காட்டவும் மலை வேண்டும், வெடி வைக்கவும் மலை வேண்டும்!

நம்பிக்கை பொய்ப்பது கணக்குப் புத்தகத்தில். கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். கல்லுக்கான ராயல்டியும் மாநிலக் கருவூலத்துக்கே. மருத்துவமனை கூட்டரசின் பொறுப்பு. தூசியால் இழைப்பு முற்றி, கிளினிக் வரிசையில் நிற்கும் பாட்டியின் செலவு, அனுமதி கொடுத்த அலுவலகத்தின் ஏட்டில் ஒருநாளும் ஏறாது. வரவைத் தன் நோட்டிலும் செலவைப் பக்கத்துக் கடை நோட்டிலும் எழுதுகிற மளிகைக்காரர் எந்நாளும் லாபத்தில்தான் இருப்பார். பாட்டிக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை அனுமதி மேசைக்கே கொண்டுவந்தால்தான் கணக்கு நேராகும்.

"அதெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம்" என்பார்கள். வேல்ஸைப் பாருங்கள். நிலக்கரி தோண்டி ஓய்ந்த மண், பிரிட்டனின் ஏழைப் பகுதிகளில் ஒன்று. 1966இல் அபர்வானில் கரிக்கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். அந்த வேல்ஸ்தான் 2015இல் வருங்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுக்கென்று சட்டம் போட்டது. பொது அமைப்புகள் ஏழு நல்வாழ்வு இலக்குகளை நோக்கியே செயல்பட வேண்டும். தட்டிக் கேட்க ஓர் ஆணையர். அவருக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது, அது பெரிய ஓட்டைதான். ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது அங்கே கடினமாகிவிட்டது.

பேராக்கிலும் பெயரிலேயே நல்வாழ்வைச் சொல்லும் 'பேராக் செஜாதெரா 2030' திட்டம் இருக்கிறது. குவாரியை மூடு என்று நான் சொல்லவில்லை; அங்கே சம்பளம் வாங்கும் குடும்பங்களை எனக்கும் தெரியும். அனுமதியைப் புதுப்பிக்கும் முன், தூசி எவ்வளவு, எந்த ஓடை கலங்கும், எந்த நேரத்தில் வெடி, எந்தப் பள்ளியின் முன்னால் லாரி என்பதற்கு எழுத்தில் பதில் வெளியாகட்டும். பதில் இல்லையேல் கையெழுத்தும் இல்லை.

இதைக் கேட்க வேண்டிய ஊராட்சி மன்ற உறுப்பினர் நியமனத்தில் வந்தவர். மக்களிடம் அவருக்கு ஓட்டுக் கணக்கு இல்லை. நிறுத்தப்பட்டிருந்த ஊராட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்று அத்தி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968இலேயே பரிந்துரைத்தது. கூட்டரசின் 1976 ஊராட்சிச் சட்டம் தேர்தலையே ஒழித்தது. பேராக் தனியாக அதை மீட்க முடியாது. பினாங்கு முயன்று 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் கல்லுடைப்பு அனுமதி மாநிலத்தின் கையில். அதற்கு விதி வகுக்க ஆட்சிக் குழு கோலாலம்பூரைக் கேட்க வேண்டியதில்லை.