மேடையில் இப்னு சீனா! வீட்டில்?



இப்னு சீனாவின் மருத்துவ நூலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுகள் பாடமாக வைத்திருந்தன என்று மேடைதோறும் முழங்குகிறோம். அகழ்ப் போரில் காயமுற்றவருக்குப் பள்ளிவாசல் கூடாரத்தில் சிகிச்சை அளித்த ருஃபைதா (ரலி) அவர்களைப் பற்றிப் பெண்கள் பயானில் பேசுகிறோம். பேசி முடித்து வீட்டுக்குப் போனால், மனைவியின் பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் எங்கே என்று ஊர் ஊராகத் தேடுகிறோம். நம் மகளை நாம் படிக்க வைக்காமல், பெண் டாக்டர் வானத்திலிருந்தா இறங்கி வருவார்?

வீதியில் இறங்கிப் போராடினோம். 2007-ல் தமிழகத்தில் 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. மாநில ஒதுக்கீட்டில் 200 மருத்துவ இடங்கள் என்றால் 7 இடங்கள் நமக்கு. அந்த ஏழுக்குப் போட்டியிட உங்கள் பிள்ளைக்குத் தகுதி இருக்கிறதா? பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், "கடைக்குக் கணக்கு தெரிந்தால் போதும்" என்று காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்டீர்களே! இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்தவருக்குத்தான் மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்கும். சட்டமன்றத்தில் வென்ற உரிமையைப் பள்ளிக்கூட வாசலில் தொலைத்துவிட்டு வருகிறோம்.

வியாபாரிகளே! சீசனுக்கு ஆறு மாதம் முன்பே சரக்குக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் கடைசி நாளில் ஆள் பிடிக்க ஓடுவதேன்? நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். அதில் சரிபாதி, 90 கேள்விகள், உயிரியல். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். பிளஸ் டூ முடிந்தபின் இரண்டு மாதத்தில் கரைத்துக் குடிக்கும் பாடமா இது? பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து திட்டமிட வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவருக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கௌரவத்துக்காகப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை அன்றே போயிற்று! பள்ளியில் சேர்க்கும்போது வெறுமனே 'முஸ்லிம்' என்று எழுதிவிட்டு வராதீர்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்காணி, ஷேக், சையத் என்று உங்கள் பிரிவைச் சரியாகப் பதியுங்கள். சாதிச் சான்றிதழுக்குக் கவுன்சிலிங் நேரத்தில் அலைவது எதற்கு?

"நீட் அநியாயம்" என்கிறீர்களா? ஆம், அநியாயம்தான். 2021-ல் சட்டமன்றமே விலக்கு கேட்டு மசோதா நிறைவேற்றியது. அந்தப் போராட்டத்தில் நாமும் நிற்போம். ஆனால் அநியாயத்தைக் காட்டிப் பிள்ளையைப் படிக்காமல் உட்கார வைப்பது போராட்டம் அல்ல, சோம்பேறித்தனம்!

"காசு இருக்கிறது, வெளிநாட்டில் படிக்க வைப்பேன்" என்போரே, அங்கே போகவும் நீட்டில் தேற வேண்டும். 2021 விதிகளின்படி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே ஓராண்டுப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, இங்கே மீண்டும் ஓராண்டுப் பயிற்சி. ஏஜெண்டின் இனிப்புப் பேச்சில் இதெல்லாம் இருக்காது.

ஜமாஅத் நிர்வாகிகளே! பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் உங்கள் மஹல்லாவில் இருக்கிறதா? சந்தா பாக்கிப் பட்டியல் இருக்கிறதே! ரிசல்ட்டுக்கு முன்பே பெற்றோரைப் பள்ளிவாசலுக்கு அழையுங்கள். எந்த குரூப், எந்தப் பள்ளி, என்ன சான்றிதழ் என்று விளக்குங்கள். ஒரு வலீமாவின் பிரியாணிச் செலவில் பாதியை எடுத்து வைத்தால், ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கலாம்.

இளைஞர்களே! பேனர் கட்டிய கைகளால் இந்தக் கணக்கெடுப்பையும் எடுங்கள். உங்கள் தெருவில் தொடங்குங்கள். பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பொறுப்பு பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம். "வழி இருந்தது, எனக்கு எவரும் சொல்லவில்லை" என்று ஒரு பிள்ளை அங்கே நம்மைக் கைகாட்டினால், என்ன பதில் சொல்லப் போகிறோம்?