தேனிலவுத் தீவு: சண்டை ஓய்ந்தது, கடல் ஓயவில்லை!

கல்யாணம் முடிந்தது. மறுவீட்டு விருந்தும் முடிந்தது. "தேனிலவுக்கு எங்கே போகலாம்?" என்று கேட்கிறாள், புதுப்பெண். முன்பு என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று பதில் வரும். இப்போது மாப்பிள்ளை, "மாலத்தீவு!" என்கிறார்.

வெள்ளை மணல். நீலக்கடல். தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் மரக்குடில். தொந்தரவு செய்ய ஆள் இல்லை. ஆசை வருவது இயற்கைதானே!

ஆனால், பணம் கட்டும் முன்பு, அந்த நாட்டின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நெல் விளையாத நாடு

இந்தியாவுக்குத் தென்மேற்கே, இந்துமகா சமுத்திரத்தில் இருக்கிறது மாலத்தீவு. மொத்தம் ஏறத்தாழ 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில்தான். தலைநகரம் மாலே. 1965-ல் பிரிட்டிஷாரிடம் இருந்து விடுதலை பெற்றது.

நமக்கும் அவர்களுக்கும் உறவு புதிதல்ல. நம் வீட்டுக் குழம்பில் மணக்கும் மாசிக்கருவாடு, அந்தக் கடல் தந்த சரக்கு. தூத்துக்குடியில் இருந்து காய்கறியும், கட்டிடச் சாமான்களும் கடல் வழியே அங்கு போகின்றன.

முன்பு மீன்பிடிப்பதே அவர்கள் பிழைப்பு. 1972-ல் முதல் சுற்றுலா விடுதி வந்தது. நிலைமை மாறியது. இன்று அரிசி, மாவு, எண்ணெய் எல்லாம் வெளிநாட்டில் இருந்துதான் வரவேண்டும். வாங்க டாலர் வேண்டும். அந்த டாலரில் பெரும்பகுதியைக் கொண்டு வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள். ஆகவே, நமது தேனிலவு அவர்களுக்குச் சோறு!

வாய் தந்த வம்பு

2023-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அங்கே போனார்கள். நம் நாட்டுக்குத்தான் முதல் இடம். அந்த ஆண்டு நவம்பரில் முகமது முய்சு ஜனாதிபதி ஆனார். "இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும்" என்பது அவரது கொள்கை. உறவு கசந்தது.

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவுக்குப் போனார். அங்கு எடுத்த படங்களை வெளியிட்டார். மாலத்தீவின் துணை மந்திரிகள் 3 பேர் அவரை இழிவாக எழுதினார்கள். மாலத்தீவு அரசு அவர்களை சஸ்பெண்டு செய்தது. ஆனாலும் இந்தியர்களின் ஆத்திரம் அடங்கவில்லை. பலர் பயணத்தை ரத்து செய்தார்கள். அந்த ஆண்டு போன இந்தியர் தொகை சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாகச் சரிந்தது. சீனா முதல் இடத்துக்கு வந்தது.

சண்டை நடந்தபோதும், இந்தியா ஒரு நல்ல காரியம் செய்தது. அரிசியும், வெங்காயமும், முட்டையும் போவதை நிறுத்தவில்லை. 2024 ஏப்ரலில் அவற்றின் அளவைக் கூட்டிக் கொடுத்தது!

பிறகு என்ன? டாலர் தட்டுப்பாடு வந்தது. அக்டோபரில் முய்சு டெல்லிக்கு வந்தார். 40 கோடி டாலர் வரை பெற்றுக்கொள்ள இந்தியா வழி செய்தது. 2025 ஜூலையில், மாலத்தீவின் 60-வது விடுதலை விழாவில் மோடியே சிறப்பு விருந்தினர்! அண்டை வீட்டுச் சண்டை நிலைக்காது என்பதற்கு இதுவே சாட்சி.

பெரிய பகை

மனிதர் சண்டை ஓய்ந்தது. கடலின் சண்டை ஓயவில்லை. அந்த நாட்டு நிலத்தில் பெரும்பகுதி, கடல் மட்டத்துக்கு மேலே மூன்றேகால் அடி உயரம்கூட இல்லை. பூமி சூடாகிறது, கடல் உயர்கிறது. இதை உலகுக்குக் காட்ட, 2009-ல் மந்திரிசபைக் கூட்டத்தையே தண்ணீருக்கு அடியில் நடத்தினார்கள்!

தீவுக்கு வேலி எது? பவளப்பாறை. அலையைத் தடுப்பது அது. வெள்ளை மணலைத் தருவதும் அது. கடல் அதிகமாகச் சூடேறினால் பவளம் வெளுத்துவிடும். சூடு நீடித்தால் செத்துவிடும். 1998, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்படி வெளுத்தது. பவளம் போனால் மணல் ஏது? தேனிலவு ஏது?

போகிறவர்களுக்கு

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அப்போது கட்டணம் அதிகம்.

விமான நிலையத்தில் இருந்து தீவுக்குப் போகப் படகு அல்லது கடல் விமானம் வேண்டும். அந்தச் செலவை முன்பே கேளுங்கள். கடல் விமானம் பகலில்தான் பறக்கும். மாலையில் இறங்கினால், ஓர் இரவு தங்கிப் போக வேண்டியிருக்கும்.

அறை வாடகையோடு கணக்கு முடியாது. வரியும் உண்டு. பெரிய விடுதிகளில் பசுமை வரி மட்டும் தலைக்கு, நாளுக்கு 12 டாலர். 2025 ஜனவரியில் இருந்து இந்த விகிதம்.

இவ்வளவு பணம் இல்லையா? மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் உண்டு. செலவு குறைவு. பணமும் ஊர்க்காரர்களுக்குப் போய்ச் சேரும். அது முஸ்லிம் நாடு. அந்தத் தீவுகளில் மது கிடையாது. குளிக்கும் உடையோடு தெருவில் நடக்கக்கூடாது.

பவளத்தை மிதிக்காதீர்கள். ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டுகூட எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

கடன் வாங்கித்தான் போகவேண்டும் என்றால், இந்த ஆண்டு வேண்டாம். கொடைக்கானலிலும் நிலவு காயும்! பணம் சேர்ந்த பிறகு போகலாம். அப்போதும் அந்த மணல் அங்கே இருக்கவேண்டும். நம் பேரப்பிள்ளைகள் போகும்போதும் இருக்கவேண்டும்.