முதல் சம்பளமும் பழைய கல்லூரியும்

2024-ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.க்கு அதன் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி ரூபாய் அளித்த செய்தியை வாசித்து மகிழ்ந்த நாம், துறைமுகத் தொழிலாளிகளின் பிள்ளைகள் பயிலும் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரிக்கும், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரிக்கும் அத்தகைய உபகாரிகள் ஏன் தோன்றவில்லை என்று கேட்பது நியாயமன்று. ராயபுரத்திலோ எண்ணூரிலோ குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற இளைஞனின் முதல் சம்பளம், அவன் கைக்கு வருமுன்பே, அக்காவின் கல்யாணக் கடனுக்கும் தம்பியின் படிப்புக்கும் வலை வாங்கத் தகப்பனார் பட்ட கடனின் வட்டிக்குமாகப் பங்கிடப்பட்டுவிடுகிறது. இதில் நன்றியின்மை எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக எழுந்த கல்லூரிகளும் இதே சங்கடத்தை அனுபவித்தவை. அவற்றுள் 27 தனியார் கல்லூரிகள், தனித்தனியே கையேந்துவதை விடுத்து, 1944-இல் ஒன்றுகூடிப் பொது நிதி ஒன்றை ஸ்தாபித்தன.

அரசு கட்டவேண்டிய கட்டடத்தை நன்கொடையால் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் வடசென்னைக் கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து, பழைய மாணவர் முகவரிகளைப் பேணி, ஆண்டுதோறும் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட்டால், சிறு தொகையும் தயக்கமின்றி வந்துசேரும். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இன்று உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர்களே, பரீட்சைக் கட்டணம் கட்ட இயலாத ஒரு பிள்ளைக்காக ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியத்தை ஒதுக்குங்கள்.