கொறங்காடு தரிசு இல்லைங்க

போன வாரம் செமினாரில் நண்பன் ஒருவன் பேசினான். சாயப்பட்டறை பாய்லருக்கு மரம் வெட்டுவதை நிறுத்தணுமாம். காங்கயம் பக்கம் சும்மா கிடக்கிற நிலத்தில் நேப்பியர் புல் நட்டு அதை எரிக்கணுமாம். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்.

சும்மா கிடக்கிறதா? நண்பா, அதுக்குப் பேர் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுத்தி முள்ளுக்கிளுவை வேலி. ஒரு மழை விழுந்தால் போதும், தானாகத் துளிர்க்கும். பம்புசெட் வேண்டாம், உரம் வேண்டாம். காங்கயம் மாடும் செம்மறியும் மாத்தி மாத்தி மேயும். சொந்தக் காடு இல்லாதவர்கள் குத்தகைக்குப் பிடித்து ஆடு மேய்க்கிறார்கள். நீ நடச் சொல்வதும் பல்லாண்டுப் புல்தான், அங்கே ஏற்கெனவே இருப்பதும் பல்லாண்டுப் புல்தான்!

சரி, கணக்குக்கு வருவோம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் கோ 4 கம்பு நேப்பியரை வெளியிட்டது, அதுவும் மாட்டுத் தீவனத்துக்காக. ஹெக்டேருக்கு வருஷம் 400 டன் வரை பச்சைப்புல் வரும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காயவைக்காமல் பாய்லரில் போட்டால் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே பாதி சூடு போய்விடும். பத்து நாளைக்கு ஒரு தடவை பாசனமும் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு அங்குலம் விட்டாலே இரண்டு லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 17 லோடு. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் இதை எங்கிருந்து எடுப்பாய்? ஆயிரம் அடி போரிலிருந்தா? நொய்யலிலிருந்தா? (சிரிக்காதீர்கள். சாயக்கழிவுக்காக 2011-ல் ஐகோர்ட் பட்டறைகளையே மூடச் சொன்ன ஆறு அது.)

இன்னொன்று. புல் சாம்பலில் பொட்டாசியமும் குளோரினும் விறகைவிட அதிகம். உருகி பாய்லர் குழாயில் கட்டி பிடிக்கும். சுரண்டுகிற ஃபயர்மேனைக் கேட்டால் தெரியும்.

2000-களில் இதே மாதிரி "தரிசு நிலத்தில் காட்டாமணக்கு" என்று ஊரெல்லாம் நட்டார்கள். தண்ணீர் இல்லாமல் காய்க்கவில்லை. நம்பி நட்டவர்கள்தான் பிடுங்கிப் போட்டார்கள்.

விறகு எரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. முதலில் பட்டறையில் நீராவி ஒழுகுவதை அடையுங்கள், வெந்நீருக்கு மாடியில் சோலார் வையுங்கள். அப்புறமும் புல் வேண்டுமென்றால், கொறங்காட்டை விட்டுவிட்டு, பாசனத் தண்ணீர் உள்ளவன் தோட்டத்தில் நட்டுப் பாருங்கள். அவன் தண்ணீரைப் புல்லுக்குத் தருவானா என்று அவனையே கேளுங்கள்.

நண்பனை ஞாயிற்றுக்கிழமை காங்கயம் வரச் சொல்லியிருக்கிறேன். பஸ் டிக்கெட் என் செலவு. செருப்புப் போட்டுக்கொண்டு வா, வேலமுள் குத்தும்.