இணக்கம் என்னும் புனைவு

கைத்தொலைபேசிச் செயலிகள் தம்மைப் பயன்படுத்துவோர் பற்றிய தகவல்களை மறைவாகத் திரட்டிப் பிறருக்கு வழங்குகின்றன என்பது இன்று எவரும் மறுக்காத உண்மை. மறுக்கப்படாத உண்மைக்கு ஒரு வசதியும் உண்டு: அதைப் பற்றி எவரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. “மக்கள் தாமே இணக்கம் தெரிவித்துப் பொத்தானை அழுத்துகின்றனர், விழிப்பாயிருப்பது அவர்தம் கடமை” என்று கருத்தரங்குகளிற் கூறி முடித்துவிடுதல் கற்றோரிடையே வழக்காகிவிட்டது. அறிவுரை போலத் தோன்றும் இவ்விடையே களவுக்குக் காவலாக நிற்கின்றது.

உருத்திரபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். கிளிநொச்சி நகருக்கு மேற்கே, இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் குடியேற்றக் கிராமம் அது. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என ஊரின் பகுதிகளுக்கே வாய்க்கால்களின் இலக்கங்கள் பெயராக வழங்குகின்றன. சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம், எந்நாளில் நீர் என்பன கமக்காரர் கூடும் கூட்டத்திற் பலரறியப் பேசித் தீர்மானிக்கப்படுவன. தீர்மானத்தில் மனக்குறை இருக்கலாம், சச்சரவும் எழலாம். ஆயினும் நீர் எங்கே போகின்றது என்பது கண்ணுக்குத் தெரியும். இரவில் வரம்பை வெட்டி நீரைத் திருப்புபவனை ஊர் கள்ளன் என்றே அழைக்கும். வயற்காரன் உறங்கியதால் அவன் இணங்கினான் என்று வழக்காட எவரும் முன்வரார்.

இவ்வூரவர்க்குப் பதிவேடு புதிதன்று. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடப்பதற்குப் பெயரும் ஊரும் போகுமிடமும் சொல்லவேண்டியிருந்தது. 2009 இல் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டபோது மீண்டும் எழுதப்பட்டனர். மீள்குடியேற்றத்தின் பின், 2011 இன் தொடக்கத்தில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் இராணுவத்தினர் குடும்ப விவரங்களைப் பதிவு செய்யத் தலைப்பட்டனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதற்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தனர். அப்பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நீதிமன்றுக்கு உறுதியளித்தது. அவ்வுறுதி நடைமுறையில் எவ்வளவு தூரம் காக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. எழுதுபவன் யார், எதற்காக எழுதுகிறான், எந்தச் சட்டத்தின்கீழ் எழுதுகிறான் என்று கேட்க ஓர் இடம் இருந்தது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. படலையில் நின்றவனுக்கு முகம் இருந்தது. கையிற் கொப்பி இருந்தது. அதனாலேயே அவனை மறிக்கவும் முடிந்தது.

செயலி படலையில் நிற்பதில்லை. அதன் இயக்கத்தைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் அவசியம். செயலியை ஆக்குபவர் அதன் எல்லாப் பகுதிகளையும் தாமே எழுதுவதில்லை. பேஸ்புக், கூகிள் முதலிய பெருநிறுவனங்களும் பெயர் கேள்விப்படாத விளம்பர நிறுவனங்களும் ஆயத்த மென்பொருட் கூறுகளை இலவசமாக வழங்குகின்றன. பயனர் கணக்கெடுப்புக்கும் விளம்பரத்துக்கும் அவை உதவும். செயலியுள் ஒருமுறை பதிக்கப்பட்டதும் அவை தத்தம் எசமானருக்குச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் வழங்கப்பட்டிருக்கும் விளம்பர அடையாள எண், வெவ்வேறு செயலிகளிலிருந்து வரும் செய்திகளை ஒரே ஆளின் கணக்கிற் சேர்த்துவிடுகின்றது. பஞ்சாங்கம் பார்த்தது ஒருபுறம், கடன் தேடியது ஒருபுறம், மருத்துவமனை வாசலில் நின்றது ஒருபுறம்; சேர்ந்தால் ஒரு மனிதனின் வாழ்க்கை. 2018 டிசம்பரில் பிரைவசி இன்டர்நாஷனல் என்னும் அமைப்பு 34 அன்ட்ரொயிட் செயலிகளைச் சோதித்தது. அவற்றுள் 61 வீதமானவை திறக்கப்பட்ட கணமே பேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பின. பேஸ்புக்கிற் கணக்கே இல்லாதவரும் இதற்கு விலக்கல்லர்.

இணக்கம் என்பதன் யோக்கியதையை இதனினும் தெளிவாக உணர்த்துவது ஒரு மின்விளக்குச் செயலியின் கதை. கைத்தொலைபேசியை ரோச் லைற் ஆக்குவதொன்றே அதன் தொழில்; கோடிக்கணக்கானோர் அதனைத் தரவிறக்கியிருந்தனர். அது பயனரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிவந்ததை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2013 டிசம்பரில் வெளிப்படுத்தியது. நிபந்தனைகளை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி திரையில் தோன்றியது உண்மையே. ஆனால், பயனர் விடையளிக்கு முன்னரே தகவல் புறப்பட்டுவிட்டது. வெளிச்சத்துக்கு வாங்கிய விளக்கு, ஏந்தியவனையே காட்டிக்கொடுத்தது.

“இலவசமாகப் பெறுவதற்கு ஒரு விலை உண்டல்லவா?” என்பர் சிலர். உருத்திரபுரத்தாரின் உறவினர் பலர் வாழும் கனடா இதற்கு விடை தருகின்றது. ரொறன்ரோத் தமிழர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நுழையும் கோப்பிக்கடை ரிம் ஹோட்டன்ஸ். அங்கே கோப்பி இலவசமன்று. காசு கொடுத்தே குடிக்கின்றனர். அந்நிறுவனத்தின் செயலி, திறந்திருக்கும்போது மட்டுமே இருப்பிடத்தை அறியும் என்று பயனரை நம்பவைத்து, மூடியிருந்தபோதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறிந்துகொண்டிருந்தது. அதனைத் தோண்டியெடுத்தவர் ஒரு பத்திரிகையாளர். ஐந்து மாதத்துக்கும் குறைந்த காலத்தில் 2,700 தடவைக்கு மேல் அவருடைய இருப்பிடம் பதிவாகியிருந்தது. அவர் வீடு எது, வேலைத்தலம் எது, எப்போது பயணம் போனார் என்பனவெல்லாம் ஊகிக்கப்பட்டிருந்தன. கனடிய மத்திய தனியுரிமை ஆணையாளரும் மூன்று மாகாணங்களின் அதிகாரிகளும் 2022 ஜூன் மாதத்தில் இச்செயலைச் சட்டவிரோதமெனக் கண்டனர். தொடர்ந்த வழக்குகளைத் தீர்ப்பதற்கு நிறுவனம் முன்வைத்த நட்டஈடு யாது? ஆளுக்கு ஒரு சூடான பானமும் வெதுப்பிய பண்டம் ஒன்றும்! மனிதரின் நடமாட்டத்துக்குச் சந்தை வைத்திருக்கும் மதிப்பு அவ்வளவே.

இதனை விளம்பர வணிகமென்று ஒதுக்கிவிடுவோர்க்கு இன்னொரு செய்தி. தொழுகை நேரத்தையும் கிப்லாத் திசையையும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ செயலி உலகெங்கும் பரந்த பாவனை உடையது. அதிலிருந்து இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்னும் தரவு வணிக நிறுவனத்தைச் சென்றடைந்ததையும், அந்நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரருக்குத் தரவு விற்றதையும் 2020 நவம்பரிற் பத்திரிகையாளர் வெளிக்கொணர்ந்தனர். செயலியின் உரிமையாளர் இராணுவத்துக்கு விற்றதை மறுத்தனர். எக்ஸ்-மோட்டுடன் கொண்ட உறவையும் முறித்தனர். இறைவனை நோக்கித் திசை கேட்டவனின் திசையை எவரோ விலைக்கு வாங்கினர்.

வன்னி வாசகர் ஊன்றிப் பார்க்கவேண்டிய இடம் இதுவே. 2011 இல் அரசு எழுத வந்தது. மனுச் செய்து மறிக்க இயன்றது. சந்தையில் வாங்கக்கூடிய ஏட்டுக்கு அரசு படலையைத் தட்டவேண்டியதில்லை. வாங்குவது இந்த அரசாயிருக்கவேண்டும் என்பதுமில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 இல் தொடங்கிய போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. அத்தகைய ஒரு கூடலுக்கு யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், இரவில் எந்த வீட்டுக்குத் திரும்பினார் என்பவற்றை அறிய இனி ஒற்றர் வேண்டுமா? “மறைக்க எதுவுமில்லாதவனுக்கு அச்சமில்லை” என்னும் வாசகத்தைப் பல்கலைக்கழக மண்டபத்திற் கூறுதல் எளிது. ஏட்டில் ஏறிய பெயர் எதற்காக எடுக்கப்படும் என்பதை எழுதப்பட்டவன் தீர்மானிப்பதில்லை. வன்னியில் இதனை எவருக்கும் கற்பிக்கவேண்டியதில்லை.

இணக்கம் தனியொருவருடையது என்ற கருத்தும் பிழையே. கைத்தொலைபேசியிலுள்ள தொடர்பிலக்கங்களைத் திறந்துவிடுபவர் தம்மை மட்டும் கையளிப்பதில்லை. மாமியின் எண்ணையும் ஆசிரியரின் எண்ணையும் சுவிஸிலுள்ள தமையனின் எண்ணையும் சேர்த்தே கையளிக்கின்றார். அவர்கள் எந்தப் பொத்தானை அழுத்தினர்? இந்தியாவில் உடனடிக் கடன் செயலிகள் இவ்விலக்கங்களைப் பிணையாக்கின. தவணை தவறியவரின் உறவினருக்கும் நண்பருக்கும் அழைப்பெடுத்து மானத்தை வாங்கின; தற்கொலைகளும் நேர்ந்தன. 2022 செப்டெம்பரில் இந்திய ரிசேர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பிலக்கங்களையும் அழைப்பு விவரங்களையும் தொடலாகாது என விதித்தது. நுண்கடன் வன்னிப் பெண்களை எப்பாடு படுத்தியது என்பது தெரிந்ததே. 2018 இல் அரசே வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் அக்கடனிற் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கிழமை தோறும் முற்றத்துக்கு வந்த கடன் வசூலிப்பாளனையாவது ஊர் கூடி ஏசலாம்.

உண்மையாகவே கேட்டால் மக்கள் என்ன சொல்வர் என்பதற்கும் சான்றுண்டு. 2021 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம், பிற செயலிகளுக்கிடையே பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் முன்கூட்டி அனுமதி கேட்கவேண்டும் என்று விதித்தது. பெருந்தொகையினர் மறுத்தனர். அதனால் 2022 இல் தமக்கு ஏறத்தாழ 1,000 கோடி டொலர் வருமானம் குறையும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றா அறிவித்தது. அத்தொகை, அதுவரை ‘இணக்கம்’ என்ற பெயரில் நடந்ததன் விலைச்சீட்டு. அப்பிளின் நோக்கமும் தூயதன்று. அதற்கும் விளம்பர வணிகம் உண்டு. மேலும், வன்னியிற் பெரும்பாலோர் கையிலிருப்பது மலிவான அன்ட்ரொயிட் தொலைபேசி. பணம் உள்ளவனுக்கு ஒரு கதவு, இல்லாதவனுக்குத் திறந்த முற்றம் என்ற ஏற்பாட்டை உரிமை என்று அழைத்தல் தகாது.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச் மாதத்திற் சான்றுரைப்படுத்தப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் எனக் குறிக்கப்பட்ட நாள், வருமுன்னரே கைவிடப்பட்டது; அவ்வாண்டிலேயே சட்டத்தைத் திருத்தவும் முற்பட்டனர். நிறுவனங்கள் ஆயத்தமாகவில்லை என்றனர். தரவு திரட்டுவதற்கு மட்டும் அவை என்றுமே ஆயத்தமாயிருந்தன! இருப்பிடத் தரவை விற்பதை முற்றாகத் தடைசெய்க எனவும், தொடர்பிலக்கங்களைத் தொடும் கடன் செயலிகளை விலக்குக எனவும், நிபந்தனைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் தராத செயலியின் ‘இணக்கம்’ சட்டத்தின் முன் செல்லாது எனவும் கோருவதற்குப் பதிலாக, பாடசாலை தோறும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது, வரம்பு வெட்டியவனை விட்டுவிட்டு வயற்காரனுக்கு உறங்காதே என்று புத்தி சொல்வதாகும்.

இதிற் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. செயலிகளுள் அவ்வாயத்தக் கூறுகளைப் பதிப்பவர் யார்? கணினி கற்று வெளியேறும் பட்டதாரிகளே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது. உருத்திரபுரம் அதிக தூரமன்று. 2018 இல் அந்த 34 செயலிகளைச் சோதிக்கப் பயன்பட்ட கருவி எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. உள்ளூரிற் பாவனையிலுள்ள வங்கி, கடன், பஞ்சாங்க, விளையாட்டுச் செயலிகளைத் திறந்த கணத்தில் அவை எங்கெங்கே செய்தி அனுப்புகின்றன என்பதைச் சோதித்துத் தமிழில் வெளியிட ஒரு கணினியும் ஒரு பழைய கைத்தொலைபேசியும் இரண்டு மாணவரும் போதும். அவ்வறிக்கை ஆண்டு தோறும் வரட்டும். செயலிகளின் பெயர்களோடு வரட்டும்.