எரிந்ததாகச் சொல்லப்படும் நற்செய்திகள்

மலபார்ச் சுரியானிச் சுவடிகள் குறித்த கருத்தரங்குகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: பொன்வண்ண ஓவியம் தீட்டிய நற்செய்திச் சுவடிகள் நம்மிடமும் இருந்தன, 1599இல் உதயம்பேரூரில் போர்த்துகீசியர் அனைத்தையும் எரித்துவிட்டனர். கேட்போர் பெருமூச்சு விடுவர். அடுத்த கட்டுரையாளர் மேடையேறுவார்.

நான் இருப்பது பள்ளுருத்தியில். காயலுக்கு அக்கரையில் உதயம்பேரூர். அங்கே நெருப்பே மூட்டப்படவில்லை என்று நான் வாதிடவில்லை. பேராயர் மெனேசிஸ் கூட்டிய மாமன்றம் பல நூல்களைப் பெயர் சுட்டிக் கண்டித்தது, நூல்கள் எரிந்தன. ஆனால் நற்செய்திக்கு நேர்ந்தது வேறு. சுரியானிப் பெஷித்தா வேதாகமத்தில் இல்லாத பகுதிகளை, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை முதலியவற்றை, இலத்தீன் வுல்காத்தாவுக்கு இணங்கச் சேர்த்து எழுதுமாறு ஆணை பிறந்தது. எரிப்பன்று, திருத்தம். எரிந்த ஏட்டிற்காக ஒப்பாரி வைக்கலாம். திருத்திய ஏட்டையோ உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அதற்குச் சுரியானி தெரிய வேண்டும். இந்தக் கதை நம்மவர்க்கு இத்தனை வசதியாக இருப்பதன் காரணம் அதுவே என்பது என் கருத்து.

ஓவியங்கள் பற்றிய பேச்சும் அப்படியே. 586இல் முடிக்கப்பட்டு இன்று புளோரன்சில் உள்ள ரப்புலா நற்செய்தியின் படங்களைத் திரையில் காட்டி, இவைபோல இங்கும் இருந்திருக்கும் என்கிறார்கள். மலபார் அன்று சார்ந்திருந்த கிழக்குச் சுரியானி மரபில் உருவச் சித்திரம் அரிது. சிலுவையும் பின்னல் வேலையுமே மிகுதி. இல்லாத படத்தை ஏன் தீயில் தேடுகிறோம்?

கேம்பிரிட்ஜில் உள்ள புக்கானன் வேதாகமத்தில் சித்திரங்கள் உண்டே என்பர். உண்டு. 1806இல் மார் தியோனிசியோசு ஆயர் கிளாடியஸ் புக்கானனுக்குக் கொடுத்தது அது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இங்கே காக்கப்பட்டதாகப் புக்கானன் எழுதியதை இன்னும் ஒப்பிக்கிறோம். ஆய்வாளர் கணிப்பிலோ சுவடியே 12ஆம் நூற்றாண்டினது. எழுதப்பட்டதும் மலபாரில் அன்று. மேலும் அது மேற்குச் சுரியானி மரபினது. மட்டாஞ்சேரிக் கூனன் குருசு சத்தியம் 1653இல்; அந்தியோக்கியத் தொடர்பு வேர்விட்டது 1665க்குப் பின். ஆகவே உதயம்பேரூர் நெருப்பில் தப்பிய சுவடி என்பதைவிட, அந்நெருப்புக்குப் பின் வந்திறங்கிய சுவடி என்பதே பொருந்துகிறது.

இங்கேயே எழுதப்பட்டதைப் பார்க்க வேண்டுமானால் வத்திக்கான் சுரியானி 22 இருக்கிறது. நற்செய்தியன்று, பவுல் திருமுகங்களின் வாசகநூல். 1301இல் கொடுங்கல்லூரில் படியெடுத்தவன் சக்கரியா, வயது 14. தன் ஊரையும் கோவிலையும் மட்டுமல்ல, அன்றைய கத்தோலிக்கோசு மூன்றாம் யபலாகாவையும் முடிவுக் குறிப்பில் பதிந்திருக்கிறான். அந்த யபலாகா சீனத்திலிருந்து பாக்தாத் சென்றவர். கொடுங்கல்லூர்ச் சிறுவனின் ஒரு குறிப்பில் ஆசியாவின் பாதி விரிந்து கிடக்க, நம் மாணவர் கெல்ஸ் சுவடியின் முடிச்சுகளை மனப்பாடம் செய்கின்றனர். கெல்ஸைப் படிக்கட்டும், சக்கரியாவின் பெயரை ஒருமுறையாவது கேட்கட்டும்.

மலபார்ச் சுவடிகள் பெருமளவில் எண்மப்படுத்தப்பட்டுள்ளன. மினசோட்டாவின் ஹில் நூலகத் தளத்தில் பலவற்றைப் பார்க்க முடிகிறது. கோட்டயத்தில் புனித எப்ரேம் ஆய்வு நிறுவனம் 1985 முதல் இயங்குகிறது. சுரியானிக்கு எழுத்துகள் 22தாம். 247 கற்ற நமக்கு அது எப்படிப் பாரமாயிற்று என்று, அடுத்த கருத்தரங்கில் அந்த வாக்கியம் எழும்போது யாரேனும் எழுந்து கேளுங்கள்.